மேலக் கடைத்தெருவில் இந்த வாரம் உள்ள கடைகள்

எங்கள் ஊரில், வியாழக்கிழமைப் பத்திரிகையில் விளம்பரம் வராத கடை அடுத்த வியாழக்கிழமை வரை இருக்காது. அதன் இரண்டு பக்கத்துக் கடைகளும் நகர்ந்து வந்து சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். மறுவாரம் விளம்பரம் வந்தால் அவை விலகி இடம் விடும், கடை பழையபடி நிற்கும். பத்திரிகை விடியற்காலையில் வெளியாவதால், வாங்க வந்தவர்கள் யாரும் கடையோடு போய்விடுவதில்லை. கடைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும் முதலாளிகள் போவதுண்டு. கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால், கடை வரும்போது அவர்களும் வருவார்கள்.

பத்திரிகையின் பெயர் நல்லூர் வர்த்தமானி. மொத்தம் நாலு பக்கம். முதல் பக்கத்தில் சீமைச் செய்தி, இரண்டாம் பக்கத்தில் கோர்ட்டுச் செய்தி, மற்ற இரண்டிலும் விளம்பரம். ஆசிரியரும் அச்சாபீஸ் முதலாளியும் தேவசகாயம் ஐயா. விளம்பரக் குமாஸ்தா நான். விளம்பரம் கொடுக்கிறவர்கள் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்குள் வந்து சொல்ல வேண்டும். வாசகத்தை நான் எழுதுவேன்.

மேலக் கடைத்தெருவில் நாற்பத்து மூன்று கடைகள். பதினொரு வருஷமாக வாரம் நாற்பத்து மூன்று விளம்பரம் எழுதி வந்தேன். 'நயமான' என்ற சொல்லை ஜவுளிக்குப் போட்டுவிட்டால் அந்த வாரம் நெய்க்குப் போட முடியாது, ஜவுளிக்காரர் முகம் சுளிப்பார். 'கனவான்களே' என்று மூக்குப்பொடிக்காரருக்கு ஆரம்பித்தால், மூக்குக்கண்ணாடிக்காரர் தனக்கு ஏன் அப்படி ஆரம்பிக்கவில்லை என்று கேட்பார். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் எனக்கு நல்ல சொற்கள் எல்லாம் தீர்ந்துவிடும். மூன்று மணிக்கு மேல் வருகிற கடைகளுக்கு 'உண்டு' என்று மட்டும் எழுதுவேன்.

ஒரு முறை அச்சு மெஷினில் பல்சக்கரம் உடைந்து பத்திரிகை ஒரு நாள் தாமதமானது. அந்த வியாழக்கிழமை கடைத்தெருவில் ஒரு கடையும் இல்லை. தெருவின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. ஒரு முனையிலிருந்த ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மறுமுனையிலிருந்த கோர்ட்டுக்கு எல்லோரும் எட்டே அடியில் போய்ச் சேர்ந்தார்கள். வக்கீல்களுக்கு அது பிடித்திருந்தது.

குற்றாலம் பிள்ளை சோடாக் கம்பெனி வைத்திருந்தார். ஜவுளிக்கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டடம். உள்ளே காஸ் ஏற்றும் மெஷின், மரப்பெட்டிகளில் கோலி சோடாப் பாட்டில்கள், ஒரு பெஞ்சு. சிரித்த முகம் என்று ஊரில் அவருக்குப் பெயர். அவர் விளம்பரத்தில் 'இன்முகத்துடன்' என்ற சொல்லை நான் எப்போதும் போடுவேன். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வந்து என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இந்த வாரம் நம்ம விளம்பரத்தைப் போடாதீங்க" என்றார்.

"ஏன்?"

"தூங்கணும். பன்னெண்டு வருஷமா சோடா உடைக்கேன். ஒவ்வொரு பாட்டில் உடைக்கையிலும் நெஞ்சு ஒரு தூக்கு தூக்குது. அதோட வாரவுக கிட்டயெல்லாம் சிரிக்கணும். கன்னம் வலிக்கு."

ஒரு வாரம் நிறுத்தி மறுவாரம் போடும்படி சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புதன்கிழமை சாயங்காலம் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வியாழக்கிழமை காலையில் ஜவுளிக்கடையும் மருந்துக் கடையும் ஒட்டி நின்றன. தபால்காரர் சோடாக் கம்பெனிக்கு வந்த கடிதத்தில் 'இந்த வாரம் இல்லை' என்று எழுதித் தபாலாபீசில் வைத்துவிட்டார்.

அடுத்த வியாழன் அவர் கடையோடு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. நல்ல வெயில் அடிக்கிற இடம் என்றும், ஆட்கள் நடமாட்டம் இல்லை என்றும் சொன்னார். அந்த வாரம் வளையல் கடைக்காரரும் ஒரு வாரம் நிறுத்தச் சீட்டுக் கொடுத்திருந்தார். எதிர் வரிசையில் அவருடைய கடை இருந்ததாம். இரண்டு பேரும் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மற்ற நாட்களில் அவரவர் கடையில் தூங்கியிருக்கிறார்கள்.

ஆவணியில் இரண்டு வாரம் போய் வந்தார். புரட்டாசியில் மூன்றாவது முறையாகச் சீட்டு எழுதினார். அதில் 'மறு உத்தரவு வரும் வரை' என்று இருந்தது.

நான் அதைப் படித்தேன். உள்ளே போனவர் அங்கிருந்து உத்தரவு அனுப்ப முடியாது. தபால் போகாது. இது எனக்குத் தெரியும். வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அன்று மணி மூன்றே முக்கால். இன்னும் பதினாறு விளம்பரங்கள் எழுத வேண்டியிருந்தன. இனி பதினைந்து என்று மட்டும் எனக்குத் தோன்றியது. சீட்டை ஆணியில் குத்தி வைத்தேன்.

"சரி, வரட்டுமா" என்றார்.

"வாங்க" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி பிரமு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கை விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. சோடாப் பாட்டில்களை வீட்டில் கழுவிக் கொடுப்பது அவள் வேலை.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவுக எப்ப வாரதாச் சீட்டுல எழுதியிருக்காக?"

ஆணியிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"நான் காசு தாரேன். நீங்க விளம்பரத்தைப் போட்டுருங்க."

அது முடியாது என்று விளக்கினேன். சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் விளம்பரம் போட்டால் கடை வரும், ஆள் வரமாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காப்பி ஓட்டலுக்கு அப்படிப் போட்டுவிட்டோம். அடுப்பில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டே ஓட்டல் வந்தது. உள்ளே யாரும் இல்லை. முதலாளி அப்புறம் வரவேயில்லை. கடை இல்லாத ஆளுக்குத் திரும்பி வர வழி கிடையாது. ஓட்டலை இப்போது அவருடைய மைத்துனர் நடத்துகிறார்.

பிரமு சீட்டை ஆணியில் திரும்பக் குத்தினாள்.

"அவுக மட்டுந்தான் அசந்து போனாகளா அண்ணாச்சி?" என்றாள். "நான் கழுவின பாட்டிலை வரிசையா வச்சா இங்கேருந்து ராமேஸ்வரம் போயிரும். எனக்கு எந்தக் கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்கதுக்கு இருக்கு?"

வீடுகளுக்கு விளம்பரம் கிடையாது. அதனால் அவை எப்போதும் இருந்தன.

அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்தாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஆணியில் இருந்த சீட்டைப் பார்ப்பாள், போய்விடுவாள். மற்ற நாட்களில் ஜவுளிக்கடையும் மருந்துக் கடையும் ஒட்டி நின்ற இடத்தில் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பதாகக் கேள்விப்பட்டேன். ஜவுளிக்கடைக்காரர் என்னிடம் வந்து, அந்தப் பெண் நிற்பதால் தன் கடைக்குள் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது என்று சொன்னார். விளம்பரத்தில் 'சுற்றி வரவும்' என்று போட்டேன். அந்த வாரம் அவருக்கு வியாபாரம் நன்றாக நடந்தது.

ஏழாவது செவ்வாய்க்கிழமை அவள் என்னைக் கேட்டாள்.

"விளம்பரம் இல்லாத கடையெல்லாம் ஒரே இடத்துக்குத்தானே போகுது?"

வளையல் கடைக்காரர் எதிர் வரிசையில் இருந்ததைச் சொன்னேன். ஒரே இடமாகத்தான் இருக்க வேண்டும் என்றேன்.

"அப்பம் நான் ஒரு கடை போடுதேன். போட்டுட்டு விளம்பரத்தை நிறுத்திப்புடுதேன்."

நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு சங்கடம் இருந்தது. விளம்பரமே வராத கடை இல்லாமல் போக முடியாது, அது முதலில் இருந்திருக்க வேண்டும். ஒரு வாரமாவது விளம்பரம் போட்டாக வேண்டும் என்றேன். தேவசகாயம் ஐயாவையும் கேட்டேன். அவர் புரூப் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டு வரியில் எழுது, இடம் இல்லை" என்றார்.

முனிசிபாலிட்டியில் லைசென்ஸ் எழுதுகிறவர் என்ன கடை என்று கேட்டிருக்கிறார். எதுவும் விற்காத கடைக்கு லைசென்ஸ் கிடையாது என்றிருக்கிறார். அவள் மடியில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. எலுமிச்சம்பழக் கடை என்று எழுதிக்கொண்டார். பலசரக்குக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் அவளுக்கு ஆறடி அகலத்தில் இடம் ஒதுக்கினார்கள்.

அவள் விளம்பரத்தை எழுத உட்கார்ந்தபோது மணி மூன்றரை. நல்ல சொல் ஒன்றும் மிச்சமில்லை. உள்ளதை எழுதினேன்.

'எலுமிச்சம்பழம் உண்டு. அடுத்த வாரம் கடை இருக்காது.'

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த ஆறடி இடத்தின் முன்னால் கூட்டம் பாத்திரக் கடையைத் தாண்டி நின்றது. அடுத்த வாரம் இருக்காத கடையில் வாங்க எல்லோருக்கும் ஆசை. சப் மாஜிஸ்திரேட் வீட்டிலிருந்து இரண்டு கூடை பழம் வாங்கிப் போனார்கள். பிரமு பழத்தைப் பொறுக்கிக் கொடுத்த விதத்தைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டார்கள். கசக்காத பழம் எது என்று தொட்டே சொல்லிவிடுவாளாம்.

செவ்வாய்க்கிழமை நான் நிறுத்தச் சீட்டு ஒன்றை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். அவள் வந்தாள்.

"இந்த வாரமும் போட்டுருங்க அண்ணாச்சி" என்றாள்.

"போக வேண்டாமா?"

"கேட்டவுகளுக்குக் குடுக்கதுக்குப் பழம் சொல்லி வச்சிட்டேன்."

நான் பழைய வாசகத்தையே போட்டேன். அது பொய்யாகிவிட்டதே என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் அதையே போடச் சொன்னாள். மூன்றாவது வாரம் மண்பானையில் ஊறுகாய் வைத்தாள். நான்காவது வாரம் 'உப்பிட்ட எலுமிச்சையும் உண்டு' என்று ஒரு வரி கூடியது. அவள் விரல்கள் வெளுப்பு நீங்கி மஞ்சளாகிவிட்டன. ஜவுளிக்கடைச் சுவருக்கு அவள் போவதே இல்லை என்று ஜவுளிக்கடைக்காரர் வருத்தத்துடன் சொன்னார். 'சுற்றி வரவும்' என்பதை எடுத்துவிட்டோம்.

அந்த வாரங்களில் ஆணியில் குற்றாலம் பிள்ளையின் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் வேறு சீட்டுகளைக் குத்தி மறைத்துப் பார்த்தேன். சீட்டுகள் தீரத்தீர அது மறுபடியும் மேலே வந்துவிடும். அவள் போகாவிட்டால் அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். அதற்கு நான் ஒரு விளம்பரம் மிச்சமானதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நினைப்பேன். அவள் ஊறுகாய் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவாள்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை அவள் மெதுவாக நடந்து வந்தாள். உட்கார்ந்தவள் இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கன்னம் வலிக்கு அண்ணாச்சி" என்றாள். "பழம் வாங்குதவுக ஒவ்வொருத்தருக்கும் ஒரு சிரிப்பு குடுக்க வேண்டியிருக்கு. அவுக சொன்னப்ப நான் சும்மா சொல்லுதாகன்னு நெனச்சேன்."

பிறகு, "சீட்டைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அவள் எழுதத் தொடங்குமுன் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். பதினொரு வருஷத்தில் விளம்பரம் கொடுக்க வந்தவர் கையை நான் பிடித்ததில்லை.

"தங்கச்சி, எத்தனை வாரம்னு எழுதணும். மறு உத்தரவுன்னு எழுதக் கூடாது. அவர் எழுதினப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

"அவுகளுக்குத் தெரியாதா அண்ணாச்சி? தெரிஞ்சுதான எழுதியிருக்காக" என்றாள். "நானும் அன்னைக்குப் படிச்சப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். மூணு பேருக்கும் தெரிஞ்ச விஷயம். நீங்க ஒருத்தர் சுமக்கதுக்கு என்ன இருக்கு?"

இரண்டு வாரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சோடாக் கம்பெனிக்கு ஒரு வெற்று விளம்பரப் படிவம் எடுத்துக் கொடுத்தேன். வாசகம் எழுதும் இடமும் கையெழுத்து இடமும் காலியாக இருந்தன. அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். புதன்கிழமை சாயங்காலம் ஆறடிக் கடைக்குள் பாயை விரித்துக் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று பாத்திரக் கடைக்காரர் சொன்னார்.

அந்த இரண்டு வாரமும் ஊரில் எலுமிச்சம்பழம் கிடைக்கவில்லை. சப் மாஜிஸ்திரேட் வீட்டில் புளியை வைத்துச் சமாளித்தார்கள்.

மூன்றாவது வியாழக்கிழமை காலையில் நான் பலசரக்குக் கடை அருகே போய் நின்றேன். பத்திரிகை வந்ததும் பலசரக்குக் கடையும் பாத்திரக் கடையும் ஆறடி விலகின. கதவு திறந்தது. பிரமு மட்டும் வெளியே வந்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன. அழுதிருக்கிறாளோ என்று நினைத்தேன்.

"ஒம்பது நாள் தூங்கினேன் அண்ணாச்சி" என்றாள்.

கடை வாசலில் உட்கார்ந்து சொன்னாள். அங்கே ஒரு தெரு இருக்கிறது. கடைகள் திறந்து கிடக்கின்றன. வாங்க யாரும் வருவதில்லை. கடைக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குற்றாலம் பிள்ளை முதல் பத்து நாள் நன்றாகத் தூங்கியிருக்கிறார். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகச் சோடா உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குடிக்கிறதற்கு இல்லை. நெஞ்சு தூக்கிப் போடுகிறதா என்று பார்ப்பதற்கு. இவளுடைய கடை எதிர் வரிசையில் வந்து நின்றதும் எழுந்து வந்து, "வந்துட்டியா" என்று கேட்டுவிட்டு ஒரு சோடா கொடுத்திருக்கிறார். இவள் அதைக் குடித்துவிட்டு அவருடைய பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். எழுந்திருக்கும்போது பாட்டில்கள் எல்லாம் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் கை விரல்கள் வெளுத்திருந்தன.

"வாரீகளான்னு கேட்டேன். ஒரு நாள் யோசிக்கணும்னாக. மறுநாள் எழுதிக் குடுத்தாக."

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் படிவத்தை நீட்டினாள். கையெழுத்து அவருடையதுதான். வாசகமும் அவரே எழுதியிருந்தார்.

'சோடா உண்டு. சிரிப்பு கிடையாது. வேண்டுபவர் வரவும்.'

நான் அதைத் திருத்தவில்லை. தேவசகாயம் ஐயா படித்துவிட்டு ஒரு எழுத்துப் பிழையை மட்டும் சரி செய்தார். அடுத்த வியாழக்கிழமை ஜவுளிக்கடையும் மருந்துக் கடையும் விலகின. குற்றாலம் பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வந்து, படியில் நின்றிருந்த பிரமுவைப் பார்த்தார். அவள் அவர் கையிலிருந்த பாயை வாங்கிக்கொண்டாள். நான் ஒரு சோடா கேட்டேன். நேரான முகத்தோடு உடைத்துக் கொடுத்தார். நன்றாக இருந்தது.

சிரிப்பு கிடையாது என்றதும் கூட்டம் குறையும் என்று மருந்துக் கடைக்காரர் எதிர்பார்த்தார். அப்படி ஆகவில்லை. கோர்ட்டில் தோற்றவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அங்கே யாரும் தங்களைப் பார்த்துச் சிரிக்காதது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. பிரமு எலுமிச்சம்பழக் கடையை விடவில்லை. வருஷத்தில் இரண்டு முறை, ஆனியிலும் மாசியிலும், இரண்டு கடைக்கும் சேர்த்து இரண்டு வாரம் நிறுத்தச் சீட்டுக் கொடுக்கிறார்கள். தேதியை நான் இரண்டு முறை சரிபார்க்கிறேன். பாட்டில் கழுவும் வேலையை அவர் ஒரு வாரம், அவள் ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

எனக்கு வேலை கூடியிருக்கிறது. இப்போது கடைகள் நாற்பத்து நாலு.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு நிமிர்ந்து பார்த்தேன். ஊருக்கு வெளியே ஓடுகிற ஆறு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்திருந்தது. படியேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, நனையாமல் இருக்க ரிஜிஸ்தரைத் தூக்கி அலமாரியின் மேல் வைத்தேன். கடைகளைப் போலத் தனக்கும் கால் பத்தி விளம்பரம் வேண்டும் என்றது. எங்கிருந்து வருகிறது என்று போடவா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றது. "எங்க போறேன்னு மட்டும் போடுங்க."

கடலுக்கு என்று எழுதிக்கொண்டேன்.